டர்போ ஏற்றிய பழைய வி8: அறிகுறியைப் பார்த்துக் கோளாற்றைப் பிடிப்பது

"அண்ணே, டர்போ போய்விட்டது. புதிது எங்கே வாங்கலாம்?" பெரும்பாலும் இப்படித்தான் பேச்சு தொடங்கும். கழற்றிப் பார்த்தால், எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று இஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் அந்த டர்போ நன்றாகவே இருக்கும். அதற்குள் எண்ணெய் போகும் வழி, எண்ணெய் இறங்கும் வழி, முன்னும் பின்னும் உள்ள குழாய்கள், ஐம்பது வயதான இஞ்சினுக்கு ஏற்கெனவே இருந்த நோய்கள், இவற்றில் ஏதோ ஒன்றுதான் குற்றவாளி. ஆகவே இந்தக் குறிப்பில் டர்போ எப்போதும் கடைசியாகச் சந்தேகிக்க வேண்டியது. ஆயிரம் வெள்ளிக்கு மேல் கொடுத்துப் புதியதை வரவழைப்பதற்கு முன், சில வெள்ளி விலையுள்ள கிளாம்பை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

நான் மனத்தில் வைத்திருக்கும் வாகனம் 1971 முதல் 1974 வரை வந்த ஹோல்டன் எச்கியூ மொனாரோ. ஆஸ்திரேலியாவில் தயாரானதால் வலப்பக்க ஸ்டீயரிங். நம் சிங்கப்பூர்ச் சாலைக்குப் பொருந்தும். முன்னால் ஷெவர்லேயின் 350 கன அங்குல, அதாவது 5.7 லிட்டர் வி8. ஒற்றை டர்போ, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், டர்போ தள்ளும் காற்று மேலிருந்து புகும் கார்புரேட்டர், 8.5க்கு 1 அமுக்க விகிதம், 7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு) பூஸ்ட், அதாவது டர்போ கூட்டித் தரும் காற்றழுத்தம். உங்களிடம் இருப்பது ஃபோர்ட் ஃபால்கனோ கிரைஸ்லர் வேலியண்டோ ஆனாலும் கீழே சொல்லும் முறை மாறாது. எண்கள் மட்டும் கொஞ்சம் மாறும்.

வேலை செய்யும் இடத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் இந்த வேலையை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். தரைவீட்டின் முன்முற்றம் இருந்தால் அங்கே செய்யலாம். இல்லையென்றால் காக்கி புக்கிட், சின் மிங், உபி பக்கம் தெரிந்தவருடைய பட்டறையில் ஒரு மூலையைக் கேட்டு வாங்குங்கள். டர்போ பொருத்துவது பெரிய இஞ்சின் மாற்றம். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளைப் படித்து, ஒப்புதல் பெறாமல் அதைச் சாலையில் இறக்கக்கூடாது. குறைந்தது 35 ஆண்டு வயதான கார்களுக்கான திட்டத்தில் பதிந்திருந்தால் ஆண்டுக்கு 45 நாள்தான் ஓட்டலாம் என்பதும் நினைவில் இருக்கட்டும். அந்த 45 நாளுக்கும் நாம் பார்க்கப்போகும் கோளாறுகளுக்கும் தொடர்பு உண்டு. நின்றே கிடக்கும் கார், ஓடும் காரைவிட அதிகம் கெடும்.

கையில் இருக்க வேண்டிய மானிகள் நான்கு: பூஸ்ட், எரிபொருள் அழுத்தம், எண்ணெய் அழுத்தம், காற்று-எரிபொருள் விகிதம் காட்டும் வைட்பேண்ட். இவை இல்லாமல் டர்போ காரில் கோளாறு தேடுவது இருட்டு அறையில் ஊசி தேடுவதுதான். மானிகளுக்குப் பணமில்லை, பெரிய டர்போவுக்குப் பணம் இருக்கிறது என்பவரிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

நீலப் புகை வருகிறது

அதிகம் பேர் ஏமாறுவது இதில்தான், அதனால் நிதானமாகப் பார்ப்போம். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. எங்கே எரிகிறது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

டர்போவுக்குள் இருக்கும் சீல், கிரேங்க் முனையில் இருப்பது போன்ற ரப்பர் சீல் அல்ல. பிஸ்டன் ரிங் போன்ற மெல்லிய உலோக வளையம். எண்ணெயை அழுத்தித் தடுத்து நிறுத்தும் வேலையை அது செய்வதில்லை. எண்ணெய் தானாகக் கீழே இறங்கிப் போய்க்கொண்டிருந்தால் மட்டுமே அதன் வேலை ஒழுங்காக நடக்கும். இறங்கும் வழி அடைபட்டால் புதிய டர்போவும் புகையத்தான் செய்யும். புதியது வாங்கிப் போட்டும் புகை நிற்கவில்லை என்று புலம்புபவர்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

முதல் சோதனைக்கு ஒரு ஸ்பேனரும் ஒரு டார்ச்சும் போதும். டர்பைனுக்கு (டர்போவில் எக்ஸாஸ்ட் வாயு சுழற்றும் சக்கரம்) முன்னால் உள்ள எக்ஸாஸ்ட் குழாயைக் கழற்றி உள்ளே பாருங்கள். அங்கேயே எண்ணெய் ஈரம் இருந்தால் அது இஞ்சினிலிருந்து வருகிறது: ரிங், வால்வு சீல், வால்வு கைடு. முன்பக்கம் காய்ந்து சாம்பல் நிறமாக இருந்து, டர்பைனுக்குப் பின்னால் மட்டும் ஈரமாக இருந்தால் எண்ணெய் டர்போவில்தான் வெளியேறுகிறது. இன்டர்கூலர் பக்கக் குழாயிலும் பார்க்க வேண்டும். உள்சுவரில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது இயல்பு. கவிழ்த்தால் சொட்டினால் இயல்பல்ல.

டர்போவில்தான் வெளியேறுகிறது என்று உறுதியானாலும் டர்போவைக் கழற்ற வேண்டாம். எண்ணெய் திரும்பும் குழாயைப் பாருங்கள். டர்போவின் எண்ணெய் வாய் நேர் கீழ்நோக்கி இருக்க வேண்டும். சாய்வு 35 பாகையைத் தாண்டக்கூடாது. குழாய் வழிநெடுக இறங்கிக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஒரு சிறு வளைவு மேலேறினாலும் அங்கே எண்ணெய் தேங்கி, நுரைத்து, பின்னுக்குத் தள்ளும். சம்ப்பில் (இஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி) அது சேரும் இடம் எண்ணெய் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். டர்போவிலிருந்து வெளிவருவது தெளிந்த எண்ணெய் அல்ல, காற்று கலந்த நுரை. அதனால்தான் உள்ளே போகும் குழாய் சுண்டுவிரலைவிட மெல்லியதாக இருந்தாலும் வெளிவரும் குழாய் கட்டைவிரலைவிடத் தடிமனாக இருக்க வேண்டும். பழைய கார்களில் டர்போவைக் கீழே, சேசிஸ் ஓரமாக வைக்கும் ஆசை பலருக்கு உண்டு. சம்ப்பைவிடத் தாழ்வாகப் போய்விட்டால் எண்ணெயை உறிஞ்சி அனுப்பத் தனிப் பம்ப் வேண்டும். வேறு வழியே இல்லை.

அடுத்தது கிரேங்க்கேஸ் (இஞ்சினில் கிரேங்க் சுழலும் அடிப்பகுதி) அழுத்தம். பூஸ்ட் ஏறும்போது ரிங்குகளைத் தாண்டிக் கீழே கசியும் வாயு கூடும். அது வெளியே போக வழியில்லாவிட்டால் சம்ப்புக்குள் அழுத்தம் ஏறி, டர்போவிலிருந்து எண்ணெய் இறங்குவதைத் தடுக்கும். கிரேங்க்கேஸ் வாயுவை இழுத்தெடுக்கும் இந்த வி8 இன் பழைய பிசிவி வால்வு, மேனிஃபோல்டில் எப்போதும் வெற்றிடம் இருக்கும் என்ற நம்பிக்கையில் உருவானது. பூஸ்ட் வந்ததும் அந்த வழியாகவே காற்று தலைகீழாகக் கிரேங்க்கேஸுக்குள் புகும். ஒருவழி வால்வு ஒன்றை இடையில் போடுங்கள். இரண்டு வால்வு மூடிகளிலிருந்தும் பெரிய குழாய்களைக் கேட்ச் கேனுக்கு (எண்ணெய் ஆவியைப் பிடிக்கும் டப்பா) கொண்டுபோங்கள். அழுத்தம் இருக்கிறதா என்று அறிய எளிய வழி: இஞ்சின் ஐடிலில் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் வாயில் ஒரு மெல்லிய ரப்பர் கையுறையை மாட்டுங்கள். உப்பி நின்றால் வழி போதவில்லை. பின்பக்க மெயின் சீல் ஒழுகுவதற்கும், டிப்ஸ்டிக் தானாக எழும்பி வருவதற்கும் இதுவே காரணம். கியர்பாக்ஸை இறக்கி சீல் மாற்றுவதற்கு முன் கையுறைச் சோதனை செய்யுங்கள்.

உள்ளே போகும் எண்ணெய் அளவுக்கு அதிகமாக இருப்பது மூன்றாவது காரணம். பால் பேரிங் டர்போவுக்குச் சுமார் 1 மி.மீ. துளையுள்ள கட்டுப்படுத்தி வேண்டும். 40 முதல் 45 பிஎஸ்ஐ எண்ணெய் அழுத்தமே அதற்குப் போதும். சாதாரண ஜர்னல் பேரிங் டர்போவுக்குப் பொதுவாகக் கட்டுப்படுத்தி தேவையில்லை, எண்ணெய் தாராளமாகப் போக வேண்டும். இந்த இரண்டையும் மாற்றிச் செய்து டர்போவைக் கொன்றவர்கள் உண்டு. எது உங்களுடையது என்று தெரியாமல் ஸ்பேனரை எடுக்காதீர்கள்.

இவை மூன்றும் சரியாக இருந்தும் புகை வந்தால், அப்போது டர்போவின் தண்டை விரலால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஜர்னல் பேரிங்கில் பக்கவாட்டில் கொஞ்சம் ஆடுவது இயல்பே. எண்ணெய் நிரம்பியதும் அந்த இடைவெளி அடங்கிவிடும். முன்னும் பின்னுமாக ஆட்டினால் கைக்கு எதுவும் தெரியக்கூடாது. டர்போவின் விசிறி அதன் உறைச் சுவரில் உரசிய தடம் இருந்தால் டர்போவைப் பற்றி நீங்கள் நினைத்தது உண்மை.

கறுப்புப் புகை என்றால் எரிபொருள் அதிகம். ஜெட், மிதவை மட்டம், சோக் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளைப் புகை இனிப்பு மணத்துடன் வந்தால் கூலண்ட். கீழே 'சூடு ஏறுகிறது' பகுதிக்குப் போங்கள்.

பூஸ்ட் ஏறவில்லை

7 பிஎஸ்ஐ வர வேண்டிய இடத்தில் 3 மட்டும் வருகிறது. காற்று எங்கோ ஒழுகுகிறது, அல்லது டர்பைனைச் சுழற்ற வேண்டிய எக்ஸாஸ்ட் வாயு முன்னாலேயே தப்பித்துப் போகிறது.

குளிர்ந்த இஞ்சினைக் கிளப்பியதும் முன்பக்கத்தில் "டிக் டிக்" என்ற சத்தம் கேட்டுச் சூடானதும் மறைகிறதா? எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட். குளிரில் இருக்கும் இடைவெளியை உலோகம் விரிந்து மூடிவிடுகிறது. காதுக்கு மறைந்தாலும் முழுச் சுமையில் அங்கே வாயு போய்க்கொண்டுதான் இருக்கும். இணைப்பைச் சுற்றிக் கரிக்கோடு தெரிந்தால் அதுவே சாட்சி.

காற்றுப் பக்கத்துக்கு அழுத்தச் சோதனை. டர்போவின் காற்று உள்வாயில் ரப்பர் மூடியும் சைக்கிள் டியூப் வால்வும் பொருத்துங்கள். மறுமுனையில் கார்புரேட்டர் தொப்பியைக் கழற்றி அந்தக் குழாயை அடைத்துவிடுங்கள். அதை இஞ்சினோடு சேர்த்து ஊதினால் காற்று வால்வு வழியாகக் கிரேங்க்கேஸுக்குப் போய் எங்கே ஒழுகுகிறது என்று குழப்பும். ரெகுலேட்டர் வைத்து 10 பிஎஸ்ஐ வரை மெதுவாக ஏற்றி, பாத்திரம் கழுவும் சோப்பு நீரைத் தெளியுங்கள். குமிழி வரும் இடம்தான் ஓட்டை. அடைப்பு மூடிக்கு நேரெதிரே முகத்தை வைக்காதீர்கள். கழன்றால் கல்லெறி மாதிரி வரும்.

நம் ஊரில் சிலிகான் ஹோஸுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. ஈரப்பதத்தில் நின்ற காரில் குழாய் முனையில் வியர்வை போல ஈரம் படியும், எண்ணெய்ப் படலமும் சேரும். இறுக்கிய கிளாம்ப்புக்குள்ளேயே ஹோஸ் வழுக்கி வெளியேறும். குழாய் முனையில் உதடு போல மடிப்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் வெல்டிங்கில் ஒரு சுற்று மேடு வைத்துக்கொள்ளுங்கள். திருகுக் கிளாம்ப்புக்குப் பதில் டி-போல்ட் கிளாம்ப் போடுங்கள். ஜாலான் புசார் வட்டார ஹார்ட்வேர் கடைகளில் துருப்பிடிக்காத எஃகில் தேடலாம்.

ஒழுகல் இல்லை என்றால் வேஸ்ட்கேட், அதாவது மிகுதியான எக்ஸாஸ்ட் வாயுவை டர்பைனுக்குப் போகாமல் திருப்பிவிடும் வால்வு. ஸ்பிரிங் பலவீனமாக இருக்கலாம், வால்வு இருக்கையில் கரி படிந்து முழுதாக மூடாமல் இருக்கலாம். அதற்கும் முன்னால், ஆக்சிலரேட்டரை ஒருவர் முழுதாக மிதிக்க, நீங்கள் கார்புரேட்டரின் த்ராட்டில் தகடுகள் முழுதாகத் திறக்கின்றனவா என்று பாருங்கள். பழைய கேபிளும் நீளமான புது இணைப்புக் கம்பியும் சேர்ந்தால் பாதிதான் திறக்கும். இதைச் சொன்னால் சிரிப்பார்கள். பார்த்த பிறகு சிரிக்க மாட்டார்கள்.

பூஸ்ட் கட்டுக்குள் நிற்கவில்லை

உடனே காலை எடுங்கள். ஓட்டத் தொடக்கத்தில் ஒரு குதி குதித்து அடங்கினால் வேஸ்ட்கேட்டுக்குப் போகும் சிறு குழாய் நீளம் அதிகம், அல்லது கட்டுப்படுத்தி மெதுவாக வேலை செய்கிறது. ஆர்பிஎம் ஏற ஏற பூஸ்டும் ஏறிக்கொண்டே போனால் வேஸ்ட்கேட் சிறியது, அல்லது வாயு அதன் பக்கம் திரும்ப முடியாத கோணத்தில் வெல்டிங் செய்யப்பட்டிருக்கிறது. ஸ்பிரிங் மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. கட்டுப்பாடே இல்லாமல் எகிறினால் அந்தச் சிறு குழாய் கழன்றோ உருகியோ போயிருக்கும். டர்பைன் உறைக்கு அருகில் ரப்பர் குழாயை ஓட்டாதீர்கள்.

முழுச் சுமையில் வைட்பேண்ட் மெலிந்த கலவை காட்டுகிறது

பெட்ரோலில் சமநிலை விகிதம் 14.7க்கு 1. பூஸ்டில் 11.5க்கு அருகில் இருக்க வேண்டும். 13ஐ நோக்கி நகர்ந்தால் பிஸ்டனுக்கு ஆபத்து தொடங்கிவிட்டது.

முதலில் மானி பொய் சொல்கிறதா என்று பாருங்கள். எக்ஸாஸ்டில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுபட்டுக் கலவை மெலிந்ததாகக் காட்டும். ஐடிலில் மட்டும் மெலிந்து, சுமையில் சரியாக இருந்தால் பெரும்பாலும் இதுவே. தவறி எரியாத சிலிண்டரும் அதே மாதிரி பொய்யைச் சொல்ல வைக்கும், அதில் எரியாத ஆக்சிஜன் வெளியே வருகிறது.

மானி உண்மை சொல்கிறது என்றால் எரிபொருள் அழுத்தமானியைப் பாருங்கள். மேலிருந்து ஊதும் கார்புரேட்டரில் மிதவைக் கிண்ணத்துக்குள்ளும் பூஸ்ட் அழுத்தம் இருக்கிறது. ஐடிலில் 6 பிஎஸ்ஐ எரிபொருள் அழுத்தம் வைத்திருந்தால் 7 பிஎஸ்ஐ பூஸ்டில் மானி 13 காட்ட வேண்டும். 6 இலேயே நின்றால் ரெகுலேட்டருக்குப் பூஸ்ட் குழாய் போகவில்லை. ஏற முயன்று பாதியில் விழுந்தால் பம்ப்புக்குத் தெம்பில்லை, ஃபில்டர் அடைபட்டிருக்கிறது, அல்லது மின்னோட்டம் போதவில்லை. ஐம்பது வயதுக் காரின் மின்கம்பி வழியாகப் புதுப் பம்ப்பை ஓட்டுவது வீண்வேலை. பம்ப்பின் முனையிலேயே வோல்ட் மீட்டர் வைத்துப் பாருங்கள். இஞ்சின் ஓடும்போது 13க்குக் கீழே இருந்தால் பேட்டரியிலிருந்து தடித்த கம்பியும் ரிலேயும் போட்டுவிடுங்கள். எர்த்தும் பார்க்கப்பட வேண்டும். பாடியில் பெயிண்டின் மேல் திருகிய எர்த் எர்த்தே அல்ல.

அழுத்தம் சரியாக இருந்தும் மெலிந்தால் கார்புரேட்டருக்குள்தான். உள்ளீடற்ற பித்தளை மிதவை பூஸ்டில் நசுங்கும். திட நுரைப்பொருளாலான நைட்ரோஃபில் மிதவை போடுங்கள். கிண்ணத்தின் காற்றுத் துளைகள் தொப்பிக்குள்ளே இருக்க வேண்டும். தொப்பியின் வடிவம் காற்றை அந்தத் துளைகளின் மேல் வேகமாக வீசினால் கிண்ணத்தில் அழுத்தம் குறைந்து எரிபொருள் வராது. த்ராட்டில் தண்டு தேய்ந்திருந்தால் பூஸ்ட் அந்த வழியே எரிபொருள் ஆவியையும் சேர்த்து வெளியே துப்பும், சூடான டர்போ பக்கத்தில் இருக்கும்போது. தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

பூஸ்டில் தட்டல் சத்தம், அல்லது பிளக்கில் வெள்ளி மணிகள்

டப்பாவில் குழாங்கல் குலுக்கிய மாதிரி சத்தம் கேட்டால், அது கலவை நேரம் தவறித் தானாக வெடிக்கும் தட்டல்; அன்று ஓட்டியது போதும். எக்ஸாஸ்ட் சத்தத்தில் தட்டல் கேட்காமலும் போகலாம். ஆகவே முழுச் சுமை ஓட்டத்துக்குப் பிறகு பிளக்குகளைக் கழற்றி, பீங்கான் மூக்கைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். மிளகுப்பொடி போலக் கறுப்புப் புள்ளிகள் எச்சரிக்கை. பளபளக்கும் சிறு உலோக மணிகள் இருந்தால் பிஸ்டன் உருகத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

இந்தப் பிரச்சினை டர்போ மசில் கார் தோன்றிய நாளிலிருந்தே உண்டு. 1962 இல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், 3.5 லிட்டர் அலுமினிய வி8 இல் 10.25க்கு 1 என்ற அமுக்க விகிதத்தை வைத்துக்கொண்டே டர்போவையும் ஏற்றியது. தட்டலைத் தடுக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியில் வைத்துத் தெளித்தார்கள். 'டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்' என்று அதற்குப் பெயர். தொட்டி காலியானால் பூஸ்ட் குறைக்கப்படும். உரிமையாளர்கள் பலர் தொட்டியை நிரப்பவே இல்லை. பல கார்களிலிருந்து டர்போவே கழற்றப்பட்டது. தொழிற்சாலையே அமுக்க விகிதத்தோடு மல்லுக்கட்டித் தோற்ற இடத்தில், வீட்டு முற்றத்தில் 10க்கு 1 வைத்துக்கொண்டு சமாளித்துவிடலாம் என்று நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது.

தட்டலுக்கு நான் சந்தேகிக்கும் வரிசை: டைமிங், காற்றின் சூடு, பெட்ரோல், கலவை.

டைமிங், அதாவது பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு எத்தனை பாகை முன் தீப்பொறி விழுகிறது என்பது. பூஸ்ட் இல்லாமல் மொத்தம் 34 பாகை வைத்திருந்த இஞ்சினில், ஒரு பிஎஸ்ஐ பூஸ்டுக்கு ஒரு பாகை குறைத்துத் தொடங்குங்கள். 7 பிஎஸ்ஐயில் 27 அளவில் வரும். பிறகு இஞ்சின் சொல்வதைக் கேட்டு நகர்த்தலாம். ஆனால் டைமிங் லைட் காட்டுவதை நம்புவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். கிரேங்க் முனையிலுள்ள பேலன்சரின் வெளிவளையம் ரப்பரில் ஒட்டியிருக்கும். ஐம்பது ஆண்டில் ரப்பர் இறுகிப்போய் வளையம் வழுக்கியிருக்கலாம்; கோடும் அதனுடன் நகர்ந்திருக்கும். நீங்கள் 27 என்று பார்ப்பது உண்மையில் 35 ஆக இருக்கும். முதல் சிலிண்டரின் பிளக்கை எடுத்துவிட்டு பிஸ்டன் ஸ்டாப் ஒன்றைத் திருகி, கிரேங்கை இரு திசையிலும் கையால் திருப்பி நிற்கும் இரண்டு இடங்களைக் குறியுங்கள். நடுப்புள்ளிதான் உண்மையான உச்சநிலை. கோடு அங்கே இல்லையென்றால் பேலன்சரை மாற்றுங்கள். புதிதாகக் கோடு போட்டு ஏமாறாதீர்கள், வழுக்கியது மறுபடி வழுக்கும்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைகளின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் டைமிங் முன்கூட்டியே ஏறிவிடும். வேகத்தைக் கூட்டி ஒவ்வொரு 500 ஆர்பிஎம்முக்கும் எவ்வளவு என்று எழுதிப் பாருங்கள்.

காற்றின் சூடு. இதுதான் சிங்கப்பூரின் தனிப் பங்களிப்பு. 32 பாகை செல்சியஸ் காற்றை 65 சதவீதத் திறனுள்ள டர்போ 7 பிஎஸ்ஐக்கு அழுத்தினால் வெளிவரும்போது கணக்குப்படி 88 பாகை அளவில் இருக்கும். 70 சதவீதம் வேலை செய்யும் இன்டர்கூலர் அதை 49க்கு இறக்கும். ஆனால் ஏர் ஃபில்டரை பானட்டுக்குள் எக்ஸாஸ்ட் பக்கத்தில் வைத்திருந்தால் டர்போ உறிஞ்சுவது 55 பாகைக் காற்று. அப்போது டர்போவிலிருந்து வருவது 115. இன்டர்கூலருக்குப் பிறகும் 57. எட்டுப் பாகை வித்தியாசம்தானே என்று தோன்றும். தட்டல் எல்லையில் நிற்கும் இஞ்சினுக்கு அது போதும். முன்பம்பருக்குப் பின்னாலிருந்து காற்று எடுங்கள், ஆனால் மழைநீர் புகாத உயரத்தில். வெளிநாட்டுக் குளிரில் டியூன் செய்தவர் சொன்ன எண்களை அப்படியே எடுத்து வைத்தால் நண்பகலில் தட்டும்.

பெட்ரோல். இங்கே 98 ஆக்டேன் கிடைக்கிறது, அதில் டியூன் செய்வதே சரி. மலேசியாவுக்கு ஓட்டிப்போனால் கதை மாறும்: சிங்கப்பூர்ப் பதிவுள்ள காருக்கு அங்கே 95 ஊற்றக்கூடாது. பல நிலையங்களில் கிடைக்கும் மேல்வகை 97தான். உட்லண்ட்ஸைத் தாண்டும்போது தொட்டியில் முக்கால் பங்கு இருக்க வேண்டும் என்பது நம் விதி, ஆனால் செபாங் வரை போய்த் திரும்ப இந்த வி8க்கு அது போதாது. திரும்பும் வழியில் 97 ஊற்றினால் பூஸ்டையோ டைமிங்கையோ குறைத்துக்கொண்டு வாருங்கள்.

பூஸ்ட் ஏறியதும் இஞ்சின் தடுமாறுகிறது

அழுத்தம் கூடிய காற்றில் தீப்பொறி தாவுவது கடினம். பிளக் இடைவெளியை 0.6 முதல் 0.7 மி.மீ.க்குக் குறையுங்கள், வெப்பத்தில் ஒரு படி குளிர்ந்த பிளக் போடுங்கள். இன்னும் பழைய பாயிண்ட் வகை இக்னிஷன் இருந்தால் மின்னணு வகைக்கு மாற்றிவிடுங்கள், அதைப் பற்றி விவாதிக்கவே வேண்டாம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்தைப் பாருங்கள்: முனையிலிருந்து முனைக்குத் தலைமுடி போன்ற கறுப்புக் கோடு ஓடினால் நம் ஊர் ஈரப்பதத்தில் மின்சாரம் அந்த வழியாகப் போகிறது. இரவில் இஞ்சினை ஓடவிட்டு, பானட்டைத் திறந்து விளக்கை அணைத்தால், மின்சாரம் கசியும் பிளக் கம்பிகளில் நீலப்பொறி தெரியும்.

சூடு ஏறுகிறது

எப்போது ஏறுகிறது என்பதைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். தீவு விரைவுச்சாலை நெரிசலில் நிற்கும்போது ஏறி, ஓடும்போது இறங்கினால் காற்றோட்டக் குறை: விசிறி, விசிறிக் கூடு, இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே காற்று தப்பிக்கும் இடைவெளி. ஓரங்களை நுரைப்பட்டையால் அடைத்தாலே வித்தியாசம் தெரியும். ஐடிலில் டைமிங் மிகவும் பின்தங்கியிருந்தாலும் எக்ஸாஸ்ட் சூடு கூடி கூலண்ட் கொதிக்கும். டர்போ வைத்ததற்காக ஐடில் டைமிங்கையும் குறைத்துவிடுபவர்கள் இதில் மாட்டுவார்கள். குறைக்க வேண்டியது பூஸ்டில் மட்டும்.

வேகத்தில் ஓடும்போது ஏறினால் தண்ணீர்ப் பக்கம்: அடைபட்ட ரேடியேட்டர், உறிஞ்சலில் சப்பையாகும் கீழ் ஹோஸ், தெர்மோஸ்டாட். பூஸ்ட் ஓட்டத்துக்குப் பிறகு ரேடியேட்டரில் குமிழி வந்தால், அல்லது கூலண்ட் தொட்டி நிரம்பி வழிந்தால், ஹெட் கேஸ்கெட்டில் சிலிண்டரின் எரிந்த வாயு கசிகிறதா என்று நிறம் மாறும் திரவத்தால் சோதியுங்கள். இங்கே கூலண்ட் உறைந்துபோகும் கவலை இல்லை, ஆகவே தண்ணீரில் கிளைகால் (கூலண்டில் உள்ள வேதிப்பொருள்) 30 சதவீதம் போதும். ஆனால் வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் பழைய வார்ப்பிரும்பு துருப்பிடிக்கும்.

நிறுத்தி இருபது நிமிடம் கழித்துக் கிளம்ப மறுத்தால் இரண்டு சாத்தியம். ஸ்டார்ட்டர் "டக்" என்று மட்டும் சொன்னால் டவுன்பைப்பின் (டர்போவிலிருந்து இறங்கும் எக்ஸாஸ்ட் குழாய்) சூட்டில் ஸ்டார்ட்டரின் சோலினாய்ட் வதங்கியிருக்கிறது: வெப்பக் கேடயம், தடித்த கம்பி. ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றி இஞ்சின் பிடிக்கவில்லை, பெட்ரோல் மணம் அடிக்கிறது என்றால் கிண்ணத்தில் எரிபொருள் கொதித்து மேனிஃபோல்டுக்குள் வழிந்திருக்கிறது. கார்புரேட்டருக்குக் கீழே சூட்டைத் தடுக்கும் பினாலிக் ஸ்பேசர் போடுங்கள், எரிபொருள் தொட்டிக்குத் திரும்பும் குழாய் இருக்கட்டும். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துப் பிடித்துக்கொண்டு சுற்றினால் கிளம்பும். மிதியைத் திரும்பத் திரும்பப் பம்ப் அடிக்காதீர்கள்.

சத்தங்கள்

சுழற்சியோடு ஏறும் மெல்லிய சீட்டி இயல்பு. போலீஸ் சைரன் போல ஏறி இறங்கினால் டர்போவின் விசிறி உரசுகிறது அல்லது பேரிங் போய்விட்டது, உடனே அணையுங்கள். காலை எடுக்கும்போது "தப தப தப" என்று புறா சிறகடிப்பது போலக் கேட்டால் காற்று திரும்பி டர்போவை அறைகிறது: தேங்கும் காற்றை வெளியே விடும் ப்ளோ-ஆஃப் வால்வு இல்லை, அல்லது அதன் குழாய் த்ராட்டிலுக்குக் கீழே இணைக்கப்படவில்லை. சிலருக்கு அந்தச் சத்தம் பிடித்திருக்கிறது. பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பிடிக்காது. டவுன்பைப்பைத் திறந்துவிட்டு ஞாயிறு காலையில் சோதனை செய்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

பிரேக் மிதி திடீரென்று கல்லாகிறது

பட்டியலின் நடுவில் புதைந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதைத் தனியாக வைத்தேன். பிரேக் பூஸ்டர் மேனிஃபோல்ட் வெற்றிடத்தில் வேலை செய்கிறது. அதன் ஒருவழி வால்வு பழுதானால் டர்போவின் அழுத்தம் பூஸ்டருக்குள் புகுந்து, தேவைப்படும் நேரத்தில் உதவி இல்லாமல் போகும். இஞ்சினை அணைத்துவிட்டு அரை மணி கழித்து மிதியுங்கள்: முதல் இரண்டு மிதி மென்மையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வால்வை மாற்றாமல் காரை நகர்த்த வேண்டாம்.

வாரக்கணக்கில் நின்ற கார் கிளம்பவில்லை

கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் ஆவியாகிப் பிசின் படிந்து ஊசிவால்வு ஒட்டியிருக்கும். பம்ப்பை ஓட்டிப் பார்த்து வழிகிறதா என்று கவனியுங்கள், அதற்குப் பிறகே ஸ்டார்ட்டர். டர்போவில் இருந்த எண்ணெயும் முழுதாக இறங்கியிருக்கும். இக்னிஷனைத் துண்டித்துவிட்டு, எண்ணெய் அழுத்தமானி எழும் வரை ஸ்டார்ட்டரால் சுற்றி, பிறகு கிளப்புங்கள். முதல் ஒரு நிமிடம் ஐடிலைத் தாண்ட வேண்டாம். இந்தப் பழைய தட்டை டாப்பெட் கேம்ஷாஃப்ட்டுக்குத் துத்தநாகம் அதிகமுள்ள எண்ணெய் வேண்டும், புதுக் கார் எண்ணெய் போதாது. வடித்த எண்ணெயை முற்றத்துச் சாக்கடையில் விடாமல் டப்பாவில் அடைத்து, கழிவு எண்ணெய் எடுக்கும் பட்டறையிடம் கொடுத்துவிடுங்கள்.